வண்ணக் கலைஞர் கொண்டையராஜு

தென்பாண்டி நாட்டின் தொன்மையான ஊர்களுள் திருத்தங்கல் ஒன்று. பழந்தமிழ் நூல்கள் அதனைத் தங்கால் என்று வழங்கும். சங்கப் புலவர் வரிசையில் தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் பெயர் காணப்படுகிறது. பொன்னை உருக்கி அணிகலன் செய்த கையே எழுத்தாணி பிடித்துப் பாட்டும் இயற்றியது என்பதை அப்பெயர் நமக்கு அறிவிக்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலும் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. இங்குள்ள குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் விளங்குகிறது. அது வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று.

இத்தகைய பழம்பெருமை உடைய திருத்தங்கல், 2021-ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. இவ்விரண்டு ஊர்களிலும் சுற்றுப்புறங்களிலும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் ஓங்கி வளர்ந்துள்ளன. புலவனாகவும் பொற்கொல்லனாகவும் ஒருவனே விளங்கிய மண்ணில், கலையும் கைத்தொழிலும் இன்றும் பிரியாமல் வாழ்கின்றன. இங்குள்ள அச்சகங்களிலிருந்து ஆண்டுதோறும் நாள்காட்டிகள் மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குச் செல்கின்றன. காலண்டர் என்று மக்கள் வழங்கும் அந்நாள்காட்டியின் மேற்பகுதியில் திருமகளோ, கலைமகளோ, முருகனோ வண்ணம் பொலிய வீற்றிருப்பதைக் காணாத தமிழர் இலர். அத்தகைய வண்ணப் படங்களுக்கு மூல ஓவியம் வரைந்தவர்களுள் தலைசிறந்தவர், கோவிற்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு ஆவார். அவர்தம் வரலாற்றை அறிவதோடு, ஓர் அச்சுப் படத்தில் வண்ணமும் வடிவமும் எவ்வாறு கூடுகின்றன என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

கொண்டையராஜு 1898-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். இளமையிலேயே அவர் உள்ளம் ஓவியத்தில் படிந்தது. அந்நாளில் ஓவியம் பயில விரும்பியவர்க்குச் சென்னையில் ஒரு சிறந்த நிலையம் இருந்தது. அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைப்பள்ளியே அது. பின்னர் அது அரசினர் பள்ளியாக வளர்ந்தது. கொண்டையராஜு அப்பள்ளியில் சேர்ந்து முறையாகப் பயின்றார்.

அப்பள்ளியில் மேனாட்டு முறை கற்பிக்கப்பட்டது. ஒரு பொருளின்மீது ஒளி எங்கே படுகிறது, நிழல் எங்கே வீழ்கிறது, அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவது எங்ஙனம் என்பவற்றை மாணவர் கண்ணால் அளந்து கையால் வரையப் பழகினர். ஆனால், தமிழகத்தின் ஓவிய மரபோ வேறு வகையானது. சித்தன்னவாசல் குகையிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் காணப்படும் ஓவியங்களில் கோடே முதன்மை பெறுகிறது. கோடு வகுத்த எல்லைக்குள் வண்ணம் அமைதியாக நிரம்பி நிற்கிறது. ஒளியையும் நிழலையும் காட்டும் மேனாட்டு முறையும், கோட்டையும் நிறப்பரப்பையும் போற்றும் நம் நாட்டு முறையும் ஆகிய இரண்டும் பிற்காலத்தில் கொண்டையராஜுவின் கையில் ஒன்றுபட்டன. அவ்வொற்றுமை எளிதில் வந்ததன்று. அதற்கு முன்னர் அவர் வாழ்க்கை பல வழிகளில் திரும்ப வேண்டியிருந்தது.

துறவும் தூரிகையும்

கல்வி முடித்த இளைஞர் பொருளீட்டும் வழியை நாடுவதே உலக இயல்பு. கொண்டையராஜுவின் உள்ளமோ துறவை நாடியது. அவர் திருவண்ணாமலைக்குச் சென்று, இரமண முனிவரின் ஆசிரமத்தில் துறவியாகத் தங்கினார். பெயரும் புகழும் பொருளும் வேண்டா என ஒதுங்கியவர்க்கு ஓவியம் மட்டும் எதற்கு என்று ஒருவர் வினவக்கூடும். ஆயினும், தூரிகை அவரைத் துறக்கவில்லை. இரமணரின் திருவுருவத்தை அவர் ஓவியமாகத் தீட்டினார்.

பின்னர் அவர் ஆசிரமத்தை விட்டு நீங்கி ஓவியத் தொழிலுக்கே மீண்டார். ஆனால் துறவின் பயனை அவர் விட்டுவிட்டு வந்தார் அல்லர். இறுதி வரையில் மணம் செய்துகொள்ளவில்லை. எளிய வாழ்வையே மேற்கொண்டார். காட்டிலும் மலையிலும் இருந்து செய்யும் தவத்தை அவர் வண்ணக் கிண்ணங்களின் நடுவே இருந்து செய்தார் எனலாம்.

நாடகத் திரை

அந்நாளில் தமிழகமெங்கும் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தின. ஒவ்வொரு குழுவிலும் பாடுவோர், நடிப்போர், ஆர்மோனியம் வாசிப்போர் ஆகியோருடன் திரை எழுதும் ஓவியரும் இருந்தனர். அரண்மனை, நந்தவனம், காடு, தெரு, கைலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரை வேண்டும். இத்தகைய குழு ஒன்றில் கொண்டையராஜு திரை எழுதும் ஓவியராகச் சேர்ந்தார்.

கலைப்பள்ளி கற்பிக்காத ஒன்றை நாடகத் திரை அவருக்குக் கற்பித்தது. நாடகத் திரை என்பது ஓர் ஆளின் உயரத்தைப் போல இரு மடங்கு, மும்மடங்கு உயர்ந்த துணி. வண்ணப் பொடியை வச்சிரப் பசையில் குழைத்து அதன்மேல் பூசுவர். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் அது விளங்க வேண்டும். விளக்கின் மங்கிய ஒளியிலும் அது பொலிய வேண்டும். நுண்ணிய கோடுகளும் மெல்லிய நிறவேற்றுமைகளும் அங்கே பயன்படா. திரை மேலெழுந்த அந்நொடியிலேயே, இது பகல், இது இரவு, இது மகிழ்ச்சி, இது அச்சம் என்று நிறமே அறிவித்துவிட வேண்டும். ஆகவே, திரை ஓவியன் முதலில் பெரும்பரப்புகளாக நிறத்தை வகுத்துக்கொள்வான். மேலே நீலம், கீழே பசுமை, நடுவே பொன்னிறம் என நிறங்கள் தத்தம் இடத்தில் நிலைபெற்ற பின்னரே மரமும் தூணும் மாடமும் அப்பரப்புகளின்மேல் உருப்பெறும்.

வண்ணம் வடிவத்திற்கு அணியாகப் பின்னர் வருவதன்று. வடிவம் எழுந்து நிற்பதற்குரிய நிலமே வண்ணம் என்னும் உண்மையைக் கொண்டையராஜு இங்கே கற்றார். எட்ட நின்று காண்பவனுக்காக வரையவேண்டும் என்பதையும் அவர் இங்கேயே உணர்ந்தார். முன்வரிசையில் அமர்ந்தவன் எப்படியும் காண்பான். கடைசி வரிசையில் இருப்பவன் காணும்படி செய்வதே கலைஞனின் கடமை. இக்கருத்து அவர் வாழ்நாள் முழுவதையும் ஆண்டது.

கோவிற்பட்டிக் கலைக்கூடம்

1931-ஆம் ஆண்டில் தமிழில் பேசும் படம் தோன்றியது. அதன்பின் மக்கள் கூட்டம் நாடகக் கொட்டகையை விட்டுத் திரைப்படக் கொட்டகையை நோக்கித் திரும்பிற்று. நாடகக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 1940-களின் தொடக்கத்தில் கொண்டையராஜு கோவிற்பட்டியில் இருந்தபோது அவர் சார்ந்த குழுவும் நிலைகுலைந்தது. பிறந்த ஊரோ தொலைவில் இருந்தது. கையில் தொழில் உண்டு; அதனைக் கொள்வார் இல்லை. அந்நிலையில் மனம் தளராது, கரிசல் நிலத்தின் நடுவே உள்ள அவ்வூரிலேயே அவர் தங்கிவிட்டார்.

அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்னும் கலைக்கூடம் எழுந்தது. நிழற்படம் எடுத்தலும் ஓவியம் வரைதலும் அங்கே நடைபெற்றன. நாடகக் குழுவில் உடனிருந்த டி. எஸ். சுப்பையா அவர்க்கு மாணவராகவும் துணைவராகவும் அமைந்தார். எம். இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், சீனிவாசன், செண்பகராமன் முதலியோரும் அவரிடம் பயின்று பெயர் பெற்றனர். இவ்வாறு கோவிற்பட்டி ஓர் ஓவியப் பள்ளியாயிற்று.

சிவகாசியின் அச்சுத்தொழில்

கோவிற்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாக வடக்கே சென்றால் சிவகாசி வரும். மழை குன்றிய நாடு அது. உழவு பொய்த்த இடத்தில் தொழில் தழைக்கவேண்டும் என எண்ணிய சண்முக நாடார், ஐய நாடார் ஆகிய இருவர் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923-ஆம் ஆண்டில் சிவகாசியில் அத்தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு மேலொட்டும் படச்சீட்டு வேண்டும். பட்டாசுக்கும் அவ்வாறே வேண்டும். முதலில் வெளியிலிருந்து வரவழைத்த படச்சீட்டுகளை உள்ளூரிலேயே அச்சிடத் தலைப்பட்டனர். அவ்வாறு லித்தோ என்னும் கல்லச்சு இப்பகுதியில் வேரூன்றியது.

கல்லச்சின் இயல்பு வியப்புக்குரியது. செருமனி நாட்டில் அலாய்ஸ் செனபெல்டர் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது நம் வீட்டுச் சமையலறையில் நாம் அறிந்த செய்தியே. அதனையே அவர் அச்சுக்கு அடிப்படையாக்கினார். வழவழப்பான சுண்ணக்கல்லின்மேல் நெய்ப்பசையுள்ள மையால் படம் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். படம் உள்ள இடம் நீரை விலக்கும்; ஏனைய இடம் நீரை ஏற்கும். அதன்பின் அச்சுமை தடவிய உருளையை ஓட்டினால், மை படத்தின்மேல் மட்டும் பற்றும். நீருள்ள இடத்தில் பற்றாது. தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும்.

வண்ணப் படமாயின் வேலை மிகும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். ஒரே தாள் பல கற்களின்மேல் முறை முறையாகப் படியவேண்டும். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் முகம் இரட்டிக்கும். கண் கன்னத்தில் வீழும். காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் விரியும். ஈரம் குறைந்தால் தாள் சுருங்கும். முதல் நிறம் பதிந்தபோது இருந்த அளவு, மூன்றாம் நிறம் பதியும்போது இராது. உழவனை வாட்டிய அவ்வறண்ட வானமே அச்சுத் தொழிலாளிக்கு உற்ற துணையாயிற்று. மழை மறுத்த நிலத்தில் வண்ணம் விளைந்தது என்றால் அது மிகையாகாது.

நாளடைவில் கல்லின் இடத்தை உலோகத் தகடு பெற்றது. தகட்டிலிருந்து இரப்பர் விரிப்பிற்கும், அதிலிருந்து தாளுக்கும் படம் மாறிப் பதியும் ஆப்செட் முறை வந்தது. நிறங்களைப் பிரித்தெடுக்கும் வேலையை ஒளிப்படக் கருவி மேற்கொண்டது. ஆயினும், எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் அடிப்படை மாறவில்லை.

மஞ்சள் தாள்

அச்சகத்துள் புகுந்து காண்பார்க்கு ஓர் அரிய காட்சி கிடைக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறமே முதலில் அச்சேறும். எந்திரத்தின் மறுபுறம் அடுக்கடுக்காக வந்து வீழும் தாள்களுள் ஒன்றை எடுத்து நோக்குவோம். அதில் தெய்வம் இல்லை, மயில் இல்லை, மாலை இல்லை. ஓரிடத்தில் அடர்ந்த மஞ்சள், ஓரிடத்தில் வெளிறிய மஞ்சள், ஓரிடத்தில் வெற்றுத்தாள். பெயரிட்டு அழைக்கத்தக்க உருவம் ஒன்றும் அதில் இன்மையால், பார்ப்பவன் இது யாது என்று மயங்குவான். ஆயினும் கண் அதனை விட்டு அகலாது. பொருள் விளங்காத நிலையிலும் நிறம் நம்மைப் பற்றிக்கொள்கிறது. வைகறையில் கீழ்வானம் வெளுப்பதைக் காணும்போது உள்ளத்தில் எழும் அமைதி போன்ற ஒன்று அப்பொழுது உண்டாகிறது.

அடுத்துச் சிவப்புப் பதியும். மஞ்சளின்மேல் சிவப்புப் பட்ட இடம் செம்பொன்னிறம் பெறும். மூன்றாவதாக நீலம் பதியும். மஞ்சளின்மேல் நீலம் பட்ட இடமெல்லாம் பச்சையாகும். இறுதியாகக் கருமை வரும். கருமை வந்தவுடன் புருவம் வளையும், கண் திறக்கும், விரல் பிரியும், அணிகலனில் மணி தெரியும். அதுவரையில் நிறப்பரப்பாக இருந்தது அந்நொடியில் உருவமாகிறது.

மதுரையில் அருள்புரியும் மீனாட்சி அம்மையின் திருமேனி பச்சை நிறம் உடையது என்பது மரபு. அச்சகத்தில் பச்சைக்கெனத் தனித்தகடு பெரும்பாலும் இராது. மஞ்சள் தகட்டில் அம்மையின் ஒரு பாதி உண்டு. நீலத் தகட்டில் மறுபாதி உண்டு. இரண்டனுள் ஒன்றிலேனும் அவள் முழுமையாக இல்லை. இரண்டும் ஒரு தாளில் கூடிய பின்னரே அவள் தோன்றுகிறாள். இஃது அச்சுத் தொழிலாளர் நாள்தோறும் காணும் காட்சி. நமக்கோ இது வண்ணத்தின் இயல்பை விளக்கும் நல்ல பாடம்.

நிறம் மட்டுமே ஓவியமாக நிற்கும் என்று கருதிய ஓவியர்களும் மேனாட்டில் தோன்றினர். அமெரிக்காவில் வாழ்ந்த பர்னெட் நியூமன் என்பவர் 1963, 1964-ஆம் ஆண்டுகளில் பதினெட்டுக் கல்லச்சுப் படங்களைப் படைத்தார். அவற்றில் மனிதர் இல்லை; மரம் இல்லை. பரந்த நிறமும், அதனை மேலிருந்து கீழாகப் பகுக்கும் பட்டையுமே உண்டு. நிறத்திற்கு உருவத்தின் துணை வேண்டா என்பது அத்தகையோர் கொள்கை. நம் அச்சகத்து மஞ்சள் தாளைக் கண்ணுற்றவர்க்கு அக்கொள்கை முற்றிலும் புதுமையாகத் தோன்றாது. ஒரே கல்லச்சு முறையைக் கொண்டு அவர் நிறத்தோடு நின்றார். கொண்டையராஜுவோ நிறத்தின் வழியே உருவத்தை அடைந்தார். வழிகள் வேறாயினும், நிறத்தின் ஆற்றலை இருவரும் அறிந்திருந்தனர்.

வண்ணமும் வடிவமும்

தெய்வங்களின் அச்சுப் படம் கொண்டையராஜுவின் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. கேரளத்து ஓவியர் இரவிவர்மா 1894-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவித் தம் ஓவியங்களை அச்சிட்டார். அவர் படங்களில் திருமகளும் கலைமகளும் நாம் காணும் மகளிரைப் போலவே ஒளியும் நிழலும் பொருந்தத் தோன்றினர். இரவிவர்மாவின் வழியைக் கொண்டையராஜு கண்டு மகிழ்ந்து கற்றார். ஆயினும் அங்கேயே நின்றுவிடவில்லை. அவர் கையில் தெய்வம் மீண்டும் கோயில் தெய்வமாயிற்று. பெரும்பாலான படங்களில் தெய்வம் நேர்முகமாக நம்மை நோக்குகிறது. வழிபடுவோன் கண்ணும் தெய்வத்தின் கண்ணும் சந்திக்கின்றன.

வண்ணத்தை அவர் ஆண்ட முறையும் சிறப்புடையது. நம் மரபில் ஒவ்வொரு தெய்வத்திற்கும் ஒரு நிறம் உண்டு. கலைமகள் வெண்மை, திருமகள் செந்தாமரைமேல் பொன்மை, திருமால் கருநீலம், மீனாட்சி பசுமை. எழுத்தறியாதவரும் இந்நிறங்களை அறிவர். ஆதலின், உருவம் கண்ணுக்குப் புலப்படுமுன் நிறமே பெயர் கூறிவிடுகிறது. இருண்ட கூடத்தின் மறுகோடியில் நிற்கும் மூதாட்டியும், சுவரில் தெரியும் நிறத்தைக் கொண்டே இன்ன தெய்வம் என்று அறிந்து கைகூப்புவாள். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தவனுக்காக வரைந்த கை, இப்பொழுது அம்மூதாட்டிக்காக வரைந்தது.

மீனாட்சி திருக்கல்யாணம் அவர் வரைந்து புகழ்பெற்ற காட்சிகளுள் ஒன்று. மூன்று திருமேனிகள் ஒருங்கே நிற்கும் காட்சி அது. தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால், கரம் பற்றும் சிவபெருமான், நாணித் தலைசாய்க்கும் அம்மை ஆகிய மூவருள் எவரும் மற்றொருவரை மறைத்தல் கூடாது. எவர் சிறப்பும் குன்றுதல் கூடாது. இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு நிறத்தினும் சிறந்த கருவி இல்லை. பசுமை தன் இடத்தில் நிற்கும். நீலம் தன் இடத்தில் நிற்கும். இரண்டிற்கும் இடையே ஒளி தங்கும். கோட்டினால் பிரிக்க இயலாத கூட்டத்தை நிறம் பிரித்துக் காட்டும். பின்னர் அதுவே ஒன்றுசேர்த்தும் காட்டும்.

அச்சின் இயல்பறிந்து வரைவதும் ஒரு கலையே. மிக நுண்ணிய நிறவேற்றுமையை நம்பி வரைந்த ஓவியம், நான்கு நிறங்களாகப் பிரிந்து மீண்டும் கூடும்போது தன் அழகில் ஒரு பகுதியை இழந்துவிடும். தெளிந்த நிறப்பரப்பும் உறுதியான வடிவமும் கொண்ட ஓவியமோ, இலட்சம் படிகள் எடுத்தாலும் தன் தன்மை கெடாது. நாடகத் திரையில் பயின்ற கைக்கு இவ்வுறுதி இயல்பாகவே அமைந்திருந்தது.

கதவு திறந்தது

கொண்டையராஜுவின் பணி எத்துணைப் பெரிது என்பதை அறிய, இந்நிலப்பகுதியின் வரலாற்றை ஒரு கணம் திரும்பிப் பார்த்தல் வேண்டும். இன்று தெய்வப் படங்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் அதே சிவகாசியில், 1899-ஆம் ஆண்டில் பெருங்கலவரம் மூண்டது. கோயிலுக்குள் நுழையும் உரிமை ஒரு சாரார்க்கு மறுக்கப்பட்டதே அதற்குக் காரணம். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. இறைவன் திருமுன் நிற்கவேண்டும் என்று விழைந்தவர்க்கு, மனிதர் வகுத்த வேலி தடையாக நின்றது.

காலம் மெல்ல மாறியது. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை விலக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். தலைமுறை தலைமுறையாக வாயிலுக்கு அப்பாலே நின்றவர் அன்று கருவறையின் முன் நின்றனர்.

கோயிற்கதவைத் திறந்தது அறப்போர். ஆனால், வீட்டுச் சுவரில் தெய்வம் எழுந்தருளச் செய்தது அச்சுத் தொழில். 1950-களிலும் 1960-களிலும் கொண்டையராஜுவும் அவர் மாணவரும் வரைந்த படங்கள் நாள்காட்டிகளில் ஏறித் தமிழகமெங்கும் பரவின. வணிகர் தம் கடையின் பெயரைக் கீழே அச்சிட்டு வாடிக்கையாளர்க்கு அவற்றை விலையின்றி வழங்கினர். மாடமாளிகையில் தொங்கிய அதே மீனாட்சி மண்குடிசையிலும் தொங்கினாள். அவளைக் காண எவரும் எவரையும் இசைவு கேட்கவேண்டியதில்லை. ஆண்டு முடிந்து தேதித்தாள் தீர்ந்த பின்னரும் படத்தை எவரும் எறியவில்லை. கடைப்பெயரை வெட்டி நீக்கிக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பொட்டிட்டுப் பூச்சூட்டினர். விளம்பரமாக வந்த தாள் வழிபாட்டிற்கு உரியதாயிற்று.

ஒரே ஓர் ஓவியம் ஓர் அரசனின் மாளிகையில் இருந்தால், அதன் விலை உயரும். காண்பார் தொகை குறையும். அதுவே அச்சேறி இலட்சம் தாளாகப் பெருகினால், ஒரு தாளின் விலை காசளவாகும். காண்பார் தொகையோ அளவிறந்து பெருகும். கொண்டையராஜு இரண்டாம் வழியைத் தெரிந்தெடுத்தார். அரசு கலைப்பள்ளியில் முறையாகப் பயின்ற ஒருவர், பெருநகரின் காட்சிக்கூடங்களை நாடாமல், கரிசல் நாட்டுச் சிற்றூரில் இருந்துகொண்டு ஏழையின் சுவருக்காக வரைந்தார் என்பது எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

ஆசானும் மாணவரும்

நுண்கலை அறிந்தோருள் சிலர், நாள்காட்டிப் படத்தை ஓவியமாகவே மதிப்பதில்லை. அது வணிகர்க்காக வரையப்படுவது. ஒரே வகையான உருவங்களை மீண்டும் மீண்டும் தருவது. மக்கள் விரும்புவதை அன்றிப் பிறிதொன்றைக் காட்டாதது என்பர். இக்குறையை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. சந்தைக்காக வரையும் கை சிலபோது பழகிய வழியிலேயே செல்லும். ஆயினும், தமிழர் இல்லங்களில் கடவுள் எவ்வாறு தோன்றவேண்டும் என்று ஒரு தலைமுறையின் கண்ணுக்கே கற்பித்த கலைஞரைச் சிறியவர் என்று எவ்வாறு கூறுவது? கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் ஸ்டீபன் இங்கிலிஸ் கோவிற்பட்டி ஓவியர்களை ஆராய்ந்து, கொண்டையராஜுவின் படைப்பைப் பற்றி 1995-ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நம் வீட்டுச் சுவரில் நாம் கண்டும் காணாதிருந்த கலையை அயல்நாட்டு அறிஞர் ஒருவர் உற்று நோக்கினார்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. கோவிற்பட்டியிலிருந்து வெளிவந்த பல படங்களின் அடியில் இரண்டு பெயர்கள் காணப்படும். ஒன்று கொண்டையராஜுவின் பெயர். மற்றொன்று சுப்பையா, இராமலிங்கம் முதலிய மாணவர் ஒருவரின் பெயர். புகழ் பெற்ற ஆசான், மாணவனின் உழைப்பைத் தன் பெயரில் மறைத்துக்கொள்ளுதல் உலகில் பலவிடத்தும் நிகழ்வது. கொண்டையராஜு அவ்வாறு செய்யவில்லை. தம் பெயரின் பக்கத்திலேயே மாணவனின் பெயரும் அச்சேற இடம் தந்தார். திருவண்ணாமலையில் அவர் துறந்தது எது என்று கேட்பார்க்கு அவ்விரண்டு பெயர்களே விடை கூறும்.

மறைவு

இவ்வாறு வாழ்ந்த கொண்டையராஜு 1976-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கோவிற்பட்டியில் மறைந்தார். அவர் மாணவர்கள் அதே முறையில் தொடர்ந்து வரைந்தனர். அவரும் மாணவரும் படைத்த படங்கள் மீண்டும் மீண்டும் அச்சேறின. வரைந்தவர் பெயர் தேய்ந்து மறைந்த பின்னரும், அவர் வகுத்த திருமுகம் மக்கள் மனத்தில் நிலைத்தது.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. வண்ணங்களைப் பிரிக்கும் வேலையை அது நொடிப்பொழுதில் செய்கிறது. ஆயினும், திருத்தங்கல், சிவகாசி அச்சகங்களில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் கருமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே படம் உருவாகிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்கக்கூடும். அதன் அருகே சென்று ஒரு கணம் உற்று நோக்குங்கள். முதலில் உருவத்தை மறந்து நிறங்களை மட்டும் காணுங்கள். எந்நிறம் எங்கே பரந்துள்ளது, எந்நிறம் எதனைத் தாங்குகிறது, எங்கே வெற்றுத்தாளே ஒளியாக நிற்கிறது என்று ஆராயுங்கள். பின்னர் எட்ட நின்று பாருங்கள். சிதறிய நிறங்கள் ஒன்றுகூடி உருவம் எழும். தீட்டியவர் ஒருவர், கல்லிலும் தகட்டிலும் ஏற்றியவர் பலர், மை கலந்து, தாள் அடுக்கி, எந்திரம் ஓட்டியவர் இன்னும் பலர். அவர்கள் அனைவரின் கைகளும் கூடிய இடத்தில்தான் அப்படம் பிறந்தது. கடைசி வரிசையில் இருப்பவனும் காணவேண்டும் என்று ஒரு நாடகத் திரையின் முன்னே கற்ற கொண்டையராஜு, அதனை வாழ்நாள் முழுவதும் மறவாது நடந்தார். கலை கற்கும் எவரும் உள்ளத்தில் கொள்ளத்தக்க நெறி அதுவே ஆகும்.